கறுவலுக்கு வைச்ச குலை

நாய் என்ன சாப்பிட்டது எண்டு அந்த மிருக டொக்டர் பெட்டை ஒருதரம் கேட்டிருந்தால் சிவகௌரி பொறுத்திருப்பாள். திருப்பித் திருப்பிக் கேட்டால் ஆருக்குத்தான் ஏறாது? நாய் என்னத்தைச் சாப்பிடும்? சோறு சாப்பிடும், மீன் தலை சாப்பிடும், கிடைச்சால் கோழி எலும்பு சாப்பிடும். நாங்கள் என்னவோ நஞ்சு வைச்சுப்போட்டுக் கொண்டுவந்த மாதிரியெல்லோ நிண்டு விசாரிக்கிறாள். கோப்பாயிலை இருந்து ஓட்டோவிலை நாய் கறுவலை மடியிலை கிடத்திக்கொண்டு வந்தவள் சிவகௌரி. அது சத்தி எடுத்து எடுத்துச் சீலையெல்லாம் நாறிப்போச்சு. சீற்றிலை பட்டால் கழுவித் தரவேணும் எண்டு ஓட்டோக்காரன் வழி நெடுக முணுமுணுத்தவன். அவனும் அவளிட்டை நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனவன்.

டொக்டர் கஜானி கோவிக்கேல்லை. நாய் மேசையிலை கக்கினதைக் கையுறை போட்ட விரலாலை மெதுவாக் கிளறிப் பாத்தாள். ஊதா நிறத்திலை தோல் கிடந்துது, நடுவிலை கொட்டையள். "அன்ரி, இது முந்திரிகைப்பழம் எல்லோ?" எண்டாள்.

திராட்சை எண்டு பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லுறதை யாழ்ப்பாணத்திலை முந்திரிகை எண்டுதான் சொல்லுறது. சிவகௌரி வீட்டுச் சீவியமே அதுதான். வீட்டுக்குப் பின்னாலை தோட்டம் முழுக்கப் பந்தல் போட்டுக் கொடி ஓடுது. மாசியிலை ஒரு வெட்டு, ஆவணியிலை ஒரு வெட்டு. இது மாசி வெட்டுத் தொடங்கி அடுத்த நாள்.

"ஓம், முந்திரிகைதான்," எண்டாள் சிவகௌரி. "அது சாப்பாடு இல்லைப் பிள்ளை. அது மடை."

மடை எண்டால் படையல். அவளின்ரை வளவு மூலையிலை வேம்புக்குக் கீழை ஒரு சூலம் நாட்டியிருக்கு, அதுதான் வைரவர். செத்துப்போன மாமனார் முதல் கொடி நட்ட காலத்திலை வைச்ச நேர்த்தி ஒண்டு அந்த வீட்டிலை இருக்கு. எந்த வெட்டிலையும் முதல் குலை மனிச வாயிலை படக்கூடாது. பொங்கி, வடைமாலை சாத்தி, அந்தக் குலையை மடையிலை வைச்சு, பூசை முடிய வைரவற்றை வாகனத்துக்குக் குடுக்கவேணும். வாகனம் எண்டால் நாய். அதுக்காகவே அந்த வீட்டிலை எப்பவும் ஒரு கறுத்த நாய் வளரும். ஒரு பழமும் மிச்சம் விடாமல் அது திண்டால் வைரவர் ஏற்றுக்கொண்டார், வெட்டு நல்லா வரும். மிச்சம் விட்டால் பழம் கொடியிலையே அழுகிப்போம். அதாலை எல்லாரும் சுத்தி நிண்டு, திண்டா ராசா, திண்டா எண்டு ஊட்டிவிடாத குறையாத் தின்னப் பண்ணுவினம். இந்த முறை கறுவல் இலையையும் சேத்து நக்கினதை எல்லாரும் பாத்துச் சந்தோசப்பட்டவை.

கஜானி முழுக்கக் கேட்டுப்போட்டு, நாயின்ரை முன்னங்காலிலை மயிரை வழிச்சு ஊசி ஏத்தினாள். பிறகுதான் சொன்னாள். முந்திரிகை சில நாயளுக்கு ஒண்டும் செய்யாதாம். சில நாயளுக்கு ஒரு கை அள்ளே போதுமாம், ரெண்டு கிட்னியும் வேலை செய்யாமல் நிண்டிடுமாம். எந்த நாய்க்கு எவ்வளவு எண்டு ஆராலையும் முன்கூட்டிச் சொல்லேலாதாம். கேக்குக்குப் போடுற பிளம்ஸ், அதுதான் காய்ஞ்ச முந்திரிகை, அதைவிட மோசமாம்.

"கடவுளின்ரை வாகனத்துக்குக் கடவுளின்ரை மடை ஆகாதோ? நீ எந்த ஊர்ப் பிள்ளை?" எண்டு சீறினாள் சிவகௌரி.

"பண்டத்தரிப்பு. எங்கடை வளவிலையும் வைரவர் இருக்கிறார்," எண்டாள் கஜானி. "கிட்னிக்கு அது தெரியாது அன்ரி."

சிவகௌரி நாறின சீலைத் தலைப்பாலை நாயின்ரை வாயைத் துடைச்சுவிட்டாள்.

நாயை அங்கையே வைச்சுச் சேலைன் ஏத்தினவை. வீட்டிலை பழம் வெட்டுற நேரம், கூலியாள் பிடிச்சு நிக்குது, எண்டாலும் அவள் போகேல்லை. கூட்டுக்குப் பக்கத்திலை நிலத்திலை குந்திக்கொண்டிருந்தாள். கறுவல் கண்ணைத் திறந்து அவளைப் பாக்கும், வாலை ஒருக்கா அசைக்கும், திரும்ப மூடும். மூத்திரம் போனால்தான் நம்பிக்கை எண்டு டொக்டர் சொல்லியிருந்தவள். ஒருநாள் முழுக்கப் போகேல்லை. அடுத்த நாள் மத்தியானம் போட்டிருந்த சாக்கு நனைஞ்சுது. நாய் மூத்திரம் பெய்ததுக்கு ஒரு மனிசி நிலத்திலை விழுந்து கும்பிட்டதை அங்கை வேலை செய்யிற ஆக்கள் முந்திக் கண்டிருக்க மாட்டினம்.

வீட்டை கூட்டிக்கொண்டு போற அண்டைக்குக் கஜானி அவளைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இந்தமுறை தப்பிட்டுது. ஆனா கிட்னி முந்தின மாதிரி இல்லை. இன்னொருக்காத் திண்டால் என்னாலை காப்பாற்றேலாது அன்ரி."

திரும்பி வாற வழியிலைதான் சிவகௌரிக்கு மற்ற நாயளின்ரை நினைவு வந்துது. கறுவலுக்கு முந்தி வீரன். வீரனுக்கு முந்தி மணியன். ரெண்டும் நல்ல வாட்டசாட்டமான நாயள். ரெண்டும் வேறை வேறை வருசத்திலை, மடை முடிஞ்ச கையோடை, சாப்பாடு தண்ணி இல்லாமல் சுருண்டு படுத்துச் செத்ததுகள். வீட்டிலை ஒருத்தரும் அழேல்லை. வைரவர் கூட்டிக்கொண்டு போயிட்டார் எண்டு சந்தோசப்பட்டவை. மாமி கற்பூரம் கொளுத்தினவ. இந்தச் சிவகௌரியும் பக்கத்திலை நிண்டு கும்பிட்டவள்தான். வீரன் கிணத்தடியிலை கிடந்து, நாக்கு வறண்டு, தன்னையே பாத்துக்கொண்டிருந்தது இப்ப அவளின்ரை கண்ணுக்குள்ளை நிண்டுது. அது உதவி கேட்டிருக்கு. இவள் திருநீறு பூசிவிட்டிருக்கிறாள். கோதாரி விழுந்த நேர்த்தி எண்டு ஓட்டோவுக்குள்ளை வாய்விட்டே சொன்னாள்.

வீட்டை வந்ததும் வராததுமாப் புருசன் பார்த்தீபனைப் பிடிச்சாள். வீரனையும் மணியனையும் நாங்களேதான் சாகடிச்சிருக்கிறம், இனி இந்த வளவிலை நாய்க்கு முந்திரிகை காட்டுறேல்லை எண்டாள். பார்த்தீபன் நல்ல மனிசன். அந்த ஊரிலை ஆரையும் கேட்டுப் பாருங்கோ, நல்ல மனிசன் எண்டுதான் சொல்லுவினம். அதுதான் அவளுக்குப் பிடிச்ச சனியன். அவன் தலையைச் சொறிஞ்சுகொண்டு, "அண்ணையிட்டை ஒரு சொல்லுக் கேப்பம்" எண்டான்.

தண்ணி குடிக்கவும் அண்ணையைக் கேக்கிற மனிசன். அண்ணை சிவசுப்பிரமணியம் லண்டனிலை. காணி இன்னும் அவரின்ரை பேரிலை. அவர் தோட்டத்திலை கடைசியாக் காலைவைச்சு முப்பது வருசமாகுது, எண்டாலும் எந்தக் கொடிக்கு எப்ப கத்தரிக்கிறது எண்டதுக்கும் அங்கையிருந்துதான் உத்தரவு வரும். ரெலிபோனிலை விசயத்தைச் சொன்னதும் அவர் சிரிச்சார். சின்னப் பெட்டையள் புத்தகத்திலை படிச்சுப்போட்டுச் சொல்லுறதைக் கேட்டு ஐயா வைச்ச நேர்த்தியை மாத்திறதோ எண்டு கேட்டார். பழத்துக்குப் பதிலா வடையைக் குடுப்பம் எண்டு சிவகௌரி இறங்கிவந்தும் கேட்டுப் பாத்தாள். அதுக்கும் மறுத்தார். ஆவணி வெட்டுக்குத் தான் வாறதாயும், நல்லூர்த் திருவிழாவையும் பாத்து, மடையையும் தானே நிண்டு செய்விக்கிறதாயும் சொல்லி வைச்சிட்டார்.

ஆவணி வரைக்கும் சிவகௌரி ஒரு நாள் நிம்மதியா இருக்கேல்லை. பூ வந்துது, பிஞ்சு வந்துது, அவள் நாளை எண்ணிக்கொண்டு திரிஞ்சாள். மற்ற வருசம் எண்டால் பழம் நிறம் மாறத் தொடங்க மனம் குளிரும். இந்தமுறை ஒவ்வொரு குலை கறுக்கவும் ஆத்திரம்தான் கறுத்துது. பந்தலுக்குக் கீழை அவள் அழுகல் பழத்தைக் கத்தரிக்கோலாலை வெட்டி வாளிக்குள்ளை போட்டுக்கொண்டு போக, கறுவல் பின்னாலையே போகும். ஒரு பழம் கீழை விழுந்தால் அவள் அதுக்கு முந்திப் பாய்ஞ்சு பொறுக்குவாள். அது என்ன விளையாட்டு எண்டு அது காதை நிமித்திப் பாக்கும். அந்த வீட்டிலை அவள் சொல்லுறதைக் காது குடுத்துக் கேக்கிற ஒரே சீவன் அதுதான். அதுக்கு முந்திரிகை எண்டால் உயிர். உயிரை எடுக்கிற சாமானிலைதான் அந்த விசர் நாய்க்கு அவ்வளவு ஆசை.

நாயை ஆருக்கும் குடுத்திடுவம் எண்டும் யோசிச்சாள். ஆனா அது போனால் இன்னொரு கறுத்த நாய் வரும். அதுக்கும் குலை வைப்பினம். பிறகு, தான் ஏன் குடுக்கவேணும், குத்தம் செய்யிறது நாயோ எண்டு கேட்டுத் தன்னிலையே கோவிச்சாள்.

சிவசுப்பிரமணியமும் மனிசி உதயகலாவும் வந்து இறங்கிச்சினம். மடை அண்டு விடிய, சிவகௌரி ஒருத்தருக்கும் சொல்லாமல் கறுவலைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வசந்தினியின்ரை மாட்டுக் கொட்டிலிலை கட்டிப்போட்டு, ஆர் கேட்டாலும் காணேல்லை எண்டு சொல்லச் சொல்லி வந்தாள். அடுப்பைப் பத்தவைச்சு வடைக்கு உழுந்து அரைச்சாள். உதயகலா உதவிக்கு வந்து குந்தினா. நல்ல மனிசி, வாய் மட்டும் ஓயாது. போனை எடுத்து லண்டன் வீட்டு நாயின்ரை படத்தைக் காட்டினா. வெள்ளை வெளேர் எண்டு பஞ்சுப் பொதி மாதிரி ஒண்டு, பேர் பிஸ்கற். அத்தான் சிவசுப்பிரமணியம் இல்லாமல் அது படுக்காதாம், அவரின்ரை கட்டிலிலைதான் நித்திரையாம்.

சிவகௌரிக்கு அடக்கேலாமல் போச்சு. கறுவல் சேலைனோடை கிடந்ததை, டொக்டர் சொன்னதை, எல்லாத்தையும் கொட்டினாள். சின்னப் பெட்டை சொன்னதை நம்புறதோ எண்டு இந்த அக்காவும் சிரிக்கப்போறா எண்டுதான் நினைச்சவள். உதயகலா சிரிக்கேல்லை.

"அது உண்மைதானே கௌரி. எங்கடை வீட்டிலை முந்திரிகையை பிரிஜ்ஜுக்கு மேலைதான் வைக்கிறது," எண்டா அவ. ஒருக்காப் பேரப்பிள்ளை சாப்பிடேக்கை சிந்தினதிலை ரெண்டு பழத்தை பிஸ்கற் விழுங்கிட்டுதாம். அதைக் கண்ட உடனை அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு காரிலை பறந்தவராம், சிவப்பு லைற்றுக்கும் நிக்கேல்லையாம், ஆஸ்பத்திரி வாசலிலை இருந்து அழுதவராம்.

சிவகௌரியின்ரை கை மாவுக்குள்ளையே நிண்டுபோச்சு. அப்ப அத்தானுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் தெரியாத மனிசனுக்கு விளங்கப்படுத்திறன் எண்டெல்லோ அவள் நாயாய்ப் பேயாய்க் கத்தினவள். தெரிஞ்சுகொண்டுதான் ரெலிபோனிலை சிரிச்சவர். தெரிஞ்சுகொண்டுதான் தானே நிண்டு செய்விக்க வந்திருக்கிறார். அவள் கையைக்கூடக் கழுவேல்லை, எழும்பி வெளியிலை போனாள்.

வேம்படியிலை சொந்தக்காரர் கொஞ்சப் பேர் நிண்டிச்சினம். பூசை முடியிற கட்டம். சூலத்துக்கு வடைமாலை சாத்தி, வாழையிலையிலை பொங்கலும், அதுக்குப் பக்கத்திலை தனி இலையிலை முதல் குலையும். நல்ல பெருத்த குலை, மெழுகு பூசின மாதிரி மினுங்கிச்சுது. அவள் வரவும், வேலிப் படலையாலை பார்த்தீபன் கறுவலைக் கயித்திலை பிடிச்சுக்கொண்டு வரவும் சரியா இருந்துது. அண்ணை தேடச் சொன்னாராம். கறுவல் தன்ரை வீட்டுக் குரலைக் கேட்டுக் கொட்டிலுக்குள்ளை இருந்து குரைச்சுக் காட்டிக் குடுத்திட்டுதாம். வசந்தினி பாவம், என்ன செய்வாள்.

கறுவல் குலையைக் கண்டிட்டுது. கயித்தை இழுத்துக்கொண்டு போய் இலைக்கு முன்னாலை இருந்து, உத்தரவுக்குக் காத்துக்கொண்டு வாலை ஆட்டிச்சுது. வாயிலை தண்ணி வடிஞ்சுது.

"அத்தான், பிஸ்கற் சுகமா இருக்கோ?" எண்டு கேட்டாள் சிவகௌரி.

சிவசுப்பிரமணியத்தின்ரை முகம் ஒருக்கா மாறிச்சுது. உதயகலா வாசலிலை வந்து நிக்கிறதைப் பாத்தார், விளங்கிட்டுது. எண்டாலும் குரலை ஏத்தேல்லை. பிள்ளையளுக்குப் பாடம் சொல்லுற மாதிரித்தான் சொன்னார்.

"அது வேறை, பிள்ளை. அது வீட்டிலை வளருற நாய். இது வைரவற்றை வாகனம், இதுக்காகத்தான் இது பிறந்தது. அப்பிடி ஏதும் நடந்தாலும் இன்னொரு கறுத்த குட்டி எடுக்கேலாதே?"

சிவகௌரி சபையிலை ஒரு பொம்பிளை செய்யாததைச் செய்தாள். நேரை போய் மடைக்கு முன்னாலை, நாய்க்கும் இலைக்கும் நடுவிலை, காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தாள். உழுந்து மாக் கையாலை குலையைத் தூக்கி, முதல் பழத்தைப் பிடுங்கி வாயிலை போட்டாள். பிறகு அடுத்தது. பிறகு ரெண்டு ரெண்டா. ஆரோ ஒரு கிழவி ஐயோ வைரவா எண்டா. கொட்டையைத் துப்பவும் இல்லை, கடிச்சு விழுங்கினாள். சாறு நாடியாலை வழிஞ்சு சட்டையிலை பட்டுது. பதினெட்டு வருசமா அந்தப் பந்தலுக்குக் கீழை முதுகு முறிஞ்சவள், அந்த வீட்டு முதல் குலையின்ரை ருசி இதுதான் எண்டு அண்டைக்குத்தான் அறிஞ்சாள். நல்ல இனிப்பு. அதுவும் அவளுக்கு ஆத்திரமாத்தான் இருந்துது.

கறுவல் மூக்காலை அவளின்ரை கையை முட்டிச்சுது. முழங்கையாலை தள்ளிவிட்டாள்.

"தம்பி, உன்ரை மனிசிக்கு விசர்," எண்டார் சிவசுப்பிரமணியம். இப்பத்தான் அவரின்ரை குரல் ஏறிச்சுது. "இந்தக் குடும்பத்துக்குப் பழி வரப்போகுது. எழுப்பு அவளை."

கடைசிப் பழம் வரைக்கும் திண்டு முடிச்சு, வெறுங்காம்பை இலையிலை திரும்ப வைச்சுப்போட்டுத்தான் சிவகௌரி நிமிந்தாள். "பழி என்ரை தலையிலை விழட்டும் அத்தான். நான் செத்தால் வைரவர் கூட்டிக்கொண்டு போயிட்டார் எண்டு கற்பூரம் கொளுத்துங்கோ, அது உங்களுக்குப் பழக்கம்தானே. சாகாட்டி இனி எந்த வெட்டிலையும் முதல் குலை எனக்கு. காணியை எடுக்கிறதெண்டால் எடுங்கோ. நாயைத் தரமாட்டன்."

சிவசுப்பிரமணியம் அவளிட்டைக் கதைக்காமல் தம்பியைப் பாத்து, பந்தலிலை இருந்து இன்னொரு குலை வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். நாய் இஞ்சைதானே நிக்குது, மடையை முடிப்பம் எண்டார்.

பார்த்தீபன் கயித்தைக் கையிலை சுத்திக்கொண்டு நிலத்தைப் பாத்தபடி நிண்டான். அவன் வெட்டத்தான் போறான் எண்டு சிவகௌரி நினைச்சாள். போனால் அந்தக் கத்தரிக்கோலைப் பறிச்சுக் கிணத்துக்குள்ளை எறியிறது எண்டும் முடிவு கட்டிட்டாள்.

"முதல் குலை ஒண்டுதானே அண்ணை," எண்டான் பார்த்தீபன். "அது முடிஞ்சுது."

அண்ணையின்ரை முகத்தை அவன் பாக்கேல்லை. குனிஞ்சு நாயின்ரை கழுத்துக் கயித்தை அவிட்டான். சிவசுப்பிரமணியம் சால்வையை உதறித் தோளிலை போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளை போனார். சொந்தக்காரர் ஒவ்வொருத்தரா நழுவிச்சினம். பொங்கல் ஆறிக்கொண்டு கிடந்துது.

சிவகௌரி எழும்பேல்லை. வடைமாலையிலை இருந்து ஒரு வடையைக் கழட்டி, கறுவலுக்கு நீட்டினாள். கறுவல் அதை மணக்கவும் இல்லை. வெறுங்காம்பைப் போய் நக்கிச்சுது, இலையைப் பிரட்டிப் பாத்துது, ஒண்டும் இல்லை எண்டதும் திரும்பி அவளின்ரை வாயையே பாத்துது. தன்ரை பங்கைத் திண்டவள் இவள்தான் எண்டு அதுக்கு விளங்கிட்டுது. சேலைனோடை கிடந்து வாலை அசைச்ச அதே நாய், பல்லைக் காட்டி, அடித்தொண்டையாலை அவளைப் பாத்து உறுமிச்சுது.

அவள் கையைப் பின்னுக்கு எடுக்கேல்லை. அண்டு முழுக்க வராத கண்ணீர் அப்பத்தான் வந்துது, அதுவும் கோவத்தோடைதான் வந்துது.

"உறுமடா சனியனே," எண்டாள். "உயிரோடை இருந்து உறுமு."